நம்ம ஊர் ரோடியோ: தூத்துக்குடி மாட்டு வண்டிப் பந்தயத்தின் கதை

இந்த எபிசோட் ஆபீஸ் கேண்டீன்ல ஆரம்பிச்சது.

கூட வேலை பாக்குற நண்பர் ஒருத்தர் மொபைல்ல ஒரு வீடியோ பாத்துட்டு இருந்தார். கனடாவுல கால்கரின்னு ஒரு நகரம். அங்க வருஷா வருஷம் ஜூலை மாசம் 'ஸ்டாம்பீட்'னு ஒரு ரோடியோ திருவிழா நடக்கும். 1912-ல தொடங்கினது. அந்த வீடியோல நாலு நாலு குதிரை பூட்டின கூண்டு வண்டிங்க புழுதி பறக்க ஓடுது. நண்பர் என்கிட்ட கேட்டார்: "உங்க ஊர் ஜல்லிக்கட்டு மாதிரிதான இது?"

ஆமான்னு தலையாட்டப் போனவன் நிறுத்திட்டேன். ஏன்னா ஜல்லிக்கட்டு எங்க ஊர் விளையாட்டு இல்ல. அது மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திருச்சி பக்கம். நான் தூத்துக்குடிக்காரன். எங்க பக்கம் வாடிவாசல் கிடையாது, ரோடு மட்டும்தான். எங்க பக்கம் மாடுன்னா வண்டி. "இல்லங்க, எங்க ஊர்ல இதே மாதிரி வண்டிப் பந்தயமே இருக்கு"ன்னு சொன்னேன். அவர் நம்பல. உடனே யூடியூப்ல போட்டுக் காட்டினேன். பத்து நிமிஷம் சாப்பாட்டை மறந்துட்டு பாத்தார்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அவர் அடுத்து கேட்ட கேள்விதான் காரணம். "இதெல்லாம் எப்படி ஆரம்பிச்சது?" அந்தக் கேள்விக்குத்தான் இந்த எபிசோட்.

ரோட்டோரத்தில்

முதல்ல பந்தயம் எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். பாக்காதவங்க நிறைய பேர் கேட்டுட்டு இருப்பீங்க.

தூத்துக்குடியிலிருந்து வடக்கே, ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்துல பாஞ்சாலங்குறிச்சி இருக்கு. கட்டபொம்மன் ஊர். அவரோட குலதெய்வம் வீரசக்கதேவி. ஒவ்வொரு வருஷமும் மே மாசம் அந்தக் கோவில்ல திருவிழா. பல ஊர்கள்லேருந்து இளைஞர்கள் ஜோதி ஏந்தி ஓடி வருவாங்க. கூட்டம் எவ்வளவு வரும்னா, மாவட்ட நிர்வாகம் அந்த நாட்களுக்குத் தடை உத்தரவு போட்டு வைக்கிற அளவுக்கு வரும். அந்தத் திருவிழாவை ஒட்டித்தான் மாட்டு வண்டிப் பந்தயம்.

வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே போயிடணும். கரிசல் காடு ரெண்டு பக்கமும் வெடிச்சுக் கிடக்கும். நடுவுல தார் ரோடு. ரோட்டோரத்துல வேலிக்கருவை நிழல்ல மாடுகளைக் கட்டியிருப்பாங்க. கொம்புக்கு பெயின்ட் எல்லாம் பெருசா இருக்காது, உடம்புதான் அலங்காரம். மயிலை, செவலை, காரின்னு நிறத்தை வச்சே மாட்டைக் கூப்பிடுவாங்க. வண்டி நீங்க நினைக்கிற பார வண்டி இல்ல. ரெண்டு சக்கரம், ஒரு நுகத்தடி, ஒரு ஆள் உட்கார இடம். ஒரு ஆள் தூக்கி நிறுத்தற அளவுக்கு இலகுவா செஞ்சிருப்பாங்க.

பிரிவு பிரிவா ஓடும். எங்க பக்கம் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு. தேனி, மதுரைப் பக்கம் போனா கரிச்சான், தேன்சிட்டு, தட்டான்சிட்டுன்னு பேரு நீளும். பாக்சிங்ல எடையை வச்சுப் பிரிக்கிற மாதிரி, இங்க மாட்டோட வளர்த்தியை வச்சு. கொங்குப் பக்கம் ரேக்ளா வேற மாதிரி: 200 மீட்டர், 300 மீட்டர், கடிகாரத்தை வச்சு நேரக் கணக்கு. எங்களுது எல்கைப் பந்தயம். குறிச்ச எல்லை வரைக்கும் போய், திரும்பி வரணும். தூரத்தை இன்னைக்கும் மைல்லதான் சொல்வாங்க. மெட்ரிக் முறை வந்தது எங்க பந்தயக்காரங்க காதுல இன்னும் விழல.

ஒரு வண்டிக்கு ரெண்டு பேர். கயிறு பிடிக்கிறவர் சாரதி. இன்னொருத்தர் கூடவே இருப்பார், வேணும்போது குதிச்சு மாட்டோட ஓடுவார், மறுபடி தாவி ஏறுவார். கொடி அசைஞ்சதும் எல்லா வண்டியும் ஒரே ரோட்டுல ஒண்ணா கிளம்பும். பின்னாடி பைக்ல, டெம்போல ஒரு படையே துரத்தும். மைக்கைப் பிடிச்சவர் மாட்டுக்காரர் பேரையும் ஊர் பேரையும் மூச்சு விடாம சொல்லிட்டே வருவார். டிரைவர் பேரைவிட ஊர் பேருதான் முக்கியம். ஜெயிச்சது ஊரு.

முதல் தடவை பாத்தப்போ எனக்கு எட்டு வயசு இருக்கும். எங்க தாத்தா தோள்ல உட்கார்ந்து பாத்தேன். வண்டி கடந்து போனப்போ தரை அதிர்ந்தது அவர் உடம்பு வழியா எனக்கு வந்தது. அது இன்னும் ஞாபகம் இருக்கு.

உப்பு, முத்து, பஞ்சு

எங்க தாத்தா உப்பள வண்டிக்காரர். பாத்தியிலேருந்து வாரின உப்பை அம்பாரத்துக்கும், அம்பாரத்திலேருந்து கிட்டங்கிக்கும் கொண்டு போறது அவர் வேலை. ஒரு ஜோடி மாடு, ஒரு வண்டி. லாரி வந்ததும் மாட்டை வித்துட்டார். அது நான் பிறக்குறதுக்கு ரொம்ப முன்னாடி. ஆனா வீட்டுல ஒரு கடையாணியும் ரெண்டு ஜோடி லாடமும் ரொம்ப நாள் இருந்தது. எங்க ஆச்சி அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட ரெண்டு தடவை முயற்சி பண்ணி, ரெண்டு தடவையும் திட்டு வாங்கினாங்க.

நான் இந்த எபிசோடுக்குப் படிக்க ஆரம்பிச்சப்போதான் புரிஞ்சது, எங்க தாத்தா பாத்தது ரெண்டாயிரம் வருஷத்து வேலை.

சங்க இலக்கியத்துல உமணர்னு ஒரு கூட்டம் வரும். உப்பு வணிகர்கள். கடற்கரையில உப்பை ஏத்தி, மாட்டு வண்டிகளை வரிசையா ஓட்டிக்கிட்டு உள்நாட்டுக்குப் போவாங்க. குடும்பமே வண்டியோட போகும். புறநானூற்றுல ஔவையார் ஒரு அரசனோட மகனைப் புகழுறதுக்கு என்ன உவமை எடுக்குறாங்க தெரியுமா? உமணர் தங்க வண்டிக்குக் கீழ கட்டி எடுத்துட்டுப் போற சேம அச்சு. அதாவது ஸ்பேர் அச்சு. இன்னைக்கு நம்ம கார் டிக்கில இருக்குற ஸ்டெப்னி மாதிரி. பேக்கப் சிஸ்டத்தை வச்சு இளவரசனைப் புகழ்ந்த முதல் கவிஞர் இவங்கதான்னு நினைக்கிறேன்.

இன்னொரு இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, சிறுபாணாற்றுப்படையில வரும். கொற்கை நாட்டை வர்ணிக்கிறப்போ, உமணர் வண்டியோட வந்த ஒரு பெண் குரங்கு, அவங்க குழந்தைங்களோட சேர்ந்து கிலுகிலுப்பை ஆடுது. கிலுகிலுப்பைக்குள்ள போட்டு ஆட்டுறது என்ன? முத்து. கொற்கை எங்க இருக்கு? இன்னைக்குத் தூத்துக்குடி மாவட்டத்துல, தாமிரபரணி முகத்துவாரத்துக்குப் பக்கத்துல. அப்போ கடல் துறைமுகம், இப்போ கடல் பின்வாங்கிப் போய் உள்ள தள்ளிக் கிடக்கிற கிராமம். உப்பு, மாட்டு வண்டி, முத்து மூணும் ஒரே காட்சியில இருக்கு. எங்க மாவட்டத்தோட பழைய போட்டோ ஒண்ணு கேட்டா நான் இதைத்தான் காட்டுவேன்.

அப்புறம் பல நூற்றாண்டு தாண்டி வாங்க. போர்ச்சுகீசியர் வந்தாங்க, 1658-ல டச்சுக்காரங்க தூத்துக்குடியைப் பிடிச்சாங்க, பிறகு ஆங்கிலேயர். எல்லாருக்கும் முத்து மேலயும் துணி மேலயும் கண்ணு. 19-ஆம் நூற்றாண்டுல ஆட்டத்தை மாத்தினது பஞ்சு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசல் மண்ணுல விளையிற பருத்திக்குத் துறைமுகம் தூத்துக்குடிதான். 1861-ல அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் தொடங்கினதும் அங்கேருந்து இங்கிலாந்து மில்லுகளுக்குப் போன பஞ்சு நின்னு போச்சு. இந்தியப் பஞ்சுக்கு விலை எகிறுச்சு. அமெரிக்காவுல பீரங்கி வெடிச்சா, எங்க கரிசல் ரோட்டுல வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. குளோபல் சப்ளை செயின்னு நாம இப்போ பேசுறோமே, அதோட கடைசி மைல் அன்னைக்கு ஒரு ஜோடி காளை.

ரயில் தூத்துக்குடிக்கு வந்தது 1876-ல. அதுவரைக்கும் கரிசல் காட்டுலேருந்து துறைமுகம் வரைக்கும் பஞ்சு வந்ததெல்லாம் வண்டியிலதான். துறைமுகத்துலயும் வேலை முடியாது. பழைய துறைமுகத்துல கடல் ஆழம் கம்மி, பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும். தோணியில ஏத்தித்தான் கப்பலுக்குக் கொண்டு போகணும். ரயில் வந்த பிறகும் வண்டி ஓயல. வயல்லேருந்து ஜின்னிங் ஃபேக்டரி, அங்கேருந்து ஸ்டேஷன், உப்பளத்துலேருந்து கிட்டங்கின்னு சின்னச் சின்ன தூரமெல்லாம் மாடுதான் இழுத்துச்சு. புதுத் துறைமுகம் வந்து, 1974-ல அது நாட்டோட பெரிய துறைமுகங்கள்ல ஒண்ணா அறிவிக்கப்பட்டு, லாரி பெருகினப்புறம்தான் மெல்ல மெல்ல வண்டி ரோட்டை விட்டு இறங்கிச்சு.

தாத்தா ஒரு விஷயம் சொல்வார். பாரத்தை இறக்கிட்டுத் திரும்புறப்போ வண்டி காலியா இருக்கும். மாட்டுக்கு வீட்டு நெனப்பு வந்துடும். முன்னாடி ஒரு வண்டி போகும், பின்னாடி ஒரு வண்டி வரும். "எய்யா, யாரு முதல்ல தண்ணித் தொட்டிக்குப் போறான்னு பாத்திரலாம்னு தோணும்லா? அவ்வளவுதான் பந்தயம்." அவர் கதைப்படி பந்தயம் திருவிழாவுல பிறக்கல. வேலை முடிஞ்சு வீட்டுக்குத் திரும்புற ரோட்டுல பிறந்துச்சு. திருவிழா அதைத் தத்து எடுத்துக்கிச்சு.

திருவிழா ஏன் தத்து எடுத்தது?

பாஞ்சாலங்குறிச்சியையே எடுத்துப்போம். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்குல போட்டாங்க. 1801 பிப்ரவரியில அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டை சிறையிலேருந்து தப்பி வந்து, இடிஞ்ச கோட்டையை மின்னல் வேகத்துல மறுபடி கட்டினார். மே மாசம் ஆங்கிலேயர் அதையும் பிடிச்சாங்க. இந்தத் தடவை கோட்டையைத் தரைமட்டமாக்கினாங்க. அந்த இடத்தை ஏர் பூட்டி உழுது ஆமணக்கு விதைச்சதா எங்க ஊர்ல சொல்வாங்க. 1974-ல கலைஞர் ஆட்சியில நினைவுக் கோட்டை கட்டுற வரைக்கும் அங்க பாக்கறதுக்குப் பெருசா எதுவும் மிஞ்சல.

கட்டடம் போன ஊர்ல எதை வச்சு ஞாபகம் வச்சுப்பீங்க? சாமியை வச்சு, கதைப்பாட்டை வச்சு, வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாரும் கூடுறதை வச்சு. கூடுற சனம் வர்றது சுத்துப்பட்டு கிராமங்கள்லேருந்து. அவங்ககிட்ட பெருமையா காட்டறதுக்கு இருந்தது என்ன? மாடும் வண்டியும். அதனாலதான் எங்க மாவட்டத்துல எந்தக் கோவில் கொடைன்னாலும், எந்தத் தலைவர் பிறந்தநாள்னாலும் நோட்டீஸ்ல கடைசி வரியில மாட்டு வண்டிப் பந்தயம் இருக்கும்.

இங்கதான் எனக்குக் கால்கரி வீடியோ திரும்ப ஞாபகம் வந்தது. ரோடியோங்கற வார்த்தையே ஸ்பானிஷ் வார்த்தை. சுத்தி வளைக்கிறதுன்னு அர்த்தம். மேய்ச்சல் நிலத்துல சிதறிக் கிடக்கிற மாடுகளைச் சுத்தி வளைச்சு ஒண்ணு சேர்க்கிறது. அது ஒரு வேலை. மெக்சிகோ மாட்டுக்காரங்க செஞ்ச வேலை, அவங்ககிட்டேருந்து அமெரிக்க கவ்பாய்ங்க கத்துக்கிட்டது. 1870-கள்ல முள்வேலி வந்துச்சு, ரயில் பாதை நீண்டுச்சு. ஆயிரம் மைல் மாடு ஓட்டிப் போற வேலை முடிஞ்சு போச்சு. கவ்பாய்க்கு வேலை இல்ல, ஆனா கையில திறமை இருக்கு. 1897-ல வயோமிங் மாநிலத்துல ஷையேன் நகரத்து ரோடியோ தொடங்குது. 1912-ல கால்கரி. 1923-ல கால்கரியில அந்தக் கூண்டு வண்டிப் பந்தயம். அந்த வண்டி என்ன தெரியுமா? மாடு மேய்க்கிறவங்க கூடவே போன சமையல் வண்டி.

வேலை முடியுது, அதே இடத்துல விளையாட்டு ஆரம்பிக்குது. கனடாவுல சமையல் வண்டி, கரிசல்ல பார வண்டி. ஜல்லிக்கட்டோட வேர் வேற. அது முல்லை நிலத்து ஏறுதழுவல், கலித்தொகையில வர்ற மாதிரி காளையை அடக்கி வீரத்தைக் காட்டுறது. ரோடியோவுக்கு இன்னும் நெருங்கின சொந்தம் எங்க மாட்டு வண்டிதான்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

பக் ரிப்போர்ட் வண்டி மேல, ஃபிக்ஸ் ஜல்லிக்கட்டுக்கு

இப்போ கோர்ட்டுக்கு வரலாம். இந்தப் பகுதிதான் என்னை உலுக்கினது.

2017 ஜனவரி. நான் சென்னையில இன்ஜினியரிங் செகண்ட் இயர். 17-ஆம் தேதி மெரினாவுல கூட்டம் சேர ஆரம்பிச்சது. ஹாஸ்டலே கிளம்பிடுச்சு. நானும் போனேன். ராத்திரி மொபைல் டார்ச் எல்லாம் ஒண்ணா எரிஞ்சதை நேர்ல பாத்தவன் நான். 21-ஆம் தேதி அவசரச் சட்டம், 23-ஆம் தேதி சட்டமன்றத்துல மசோதா. ஜெயிச்சுட்டோம்னு வீட்டுக்கு போன் பண்ணேன்.

தாத்தா போனை வாங்கினார். "எய்யா, ஜல்லிக்கட்டுக்குப் போய் உக்காந்தியே, நல்லது. நம்ம வண்டிக்கு யாருய்யா பேசுதா?"

"எல்லாம் ஒண்ணுதான் தாத்தா, சட்டம் வந்துட்டுன்னா எல்லாத்துக்கும்தான்"னு சொன்னேன். சொன்னது தப்பு. பல வருஷம் கழிச்சு அந்தச் சட்டத்தைக் கோட் படிக்கிற மாதிரி வரி வரியா படிச்சப்போதான் தெரிஞ்சது. 2017 திருத்தத்துல ஜல்லிக்கட்டுக்கு ஒரு வரையறை இருக்கு. ஜனவரி முதல் மே வரை, அரசு அறிவிக்கிற இடங்கள்ல, பாரம்பரியத்தைப் பின்பற்றி காளைகளை வச்சு நடத்துற நிகழ்ச்சி. அதுல மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா அடங்கும்னு பேர் போட்டிருக்கு. மாட்டு வண்டிங்கற வார்த்தை அந்த வரையறையில இல்ல.

இன்னும் பின்னாடி போனா இன்னொரு அதிர்ச்சி. இந்தத் தடைக் கதை எங்க ஆரம்பிச்சதுன்னு கேட்டா பெரும்பாலானவங்க அலங்காநல்லூர்னு சொல்வாங்க. ஆனா கேஸ் ஆரம்பிச்சது ரேக்ளா பந்தயத்துல. எங்க பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்துல ஒரு கிராமம். கோவில் திருவிழாவுக்கு ரேக்ளா நடத்த போலீஸ் அனுமதி தரணும்னு ஒருத்தர் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார். 2006 மார்ச்ல நீதிபதி ஆர். பானுமதி தீர்ப்பு சொன்னார்: ரேக்ளா, எருதுப் பந்தயம், ஜல்லிக்கட்டு எல்லாத்துக்கும் தடை. அனுமதி கேட்கப் போன ஒரு வண்டிக்காரரோட மனுவுலதான் எல்லாமே மாட்டிக்கிச்சு.

2007-ல டிவிஷன் பெஞ்ச் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணுச்சு. 2009-ல தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம். 2011 ஜூலையில மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், காட்சிக்குப் பயன்படுத்தக்கூடாத விலங்குகள் பட்டியல்ல காளையைச் சேர்த்துச்சு. 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டு, மாட்டு வண்டிப் பந்தயம் ரெண்டையும் நாடு முழுக்கத் தடை செஞ்சது. 2016 ஜனவரியில மத்திய அரசு விலக்கு கொடுத்து ஒரு அறிவிக்கை போட்டுச்சு. அதுல தமிழ்நாட்டுக்கு ஜல்லிக்கட்டு. மகாராஷ்டிரா, கர்நாடகா, பஞ்சாப், ஹரியானா, கேரளா, குஜராத்துக்கு மாட்டு வண்டிப் பந்தயம். தமிழ்நாட்டு மாட்டு வண்டி அங்கயும் இல்ல. அஞ்சே நாள்ல அந்த அறிவிக்கைக்கும் தடை வந்துச்சு. அப்புறம்தான் மெரினா. கடைசியா 2023 மே 18-ஆம் தேதி அஞ்சு நீதிபதிகள் அமர்வு தமிழ்நாடு, மகாராஷ்டிரா, கர்நாடகா மூணு மாநிலச் சட்டமும் செல்லும்னு சொல்லிடுச்சு.

எங்க பாஷையில சொன்னா, பக் ரிப்போர்ட் வந்தது வண்டி மேல. ஃபிக்ஸ் எழுதினது ஜல்லிக்கட்டுக்கு. கேமரா முன்னாடி காளையோட திமில்தான் நல்லா தெரிஞ்சது. நுகத்தடிக்குக் கீழ இருக்கிற கழுத்து தெரியல. அந்தக் கூட்டத்துல கத்தினவங்கள்ல ஒருத்தன் நான்ங்கறதால இதைச் சொல்ல எனக்கு வெட்கமா இருக்கு. தாத்தா கேட்ட கேள்விக்கு நான் பதில் தேடாமலே ஜெயிச்சதா கொண்டாடிட்டேன்.

மாடு பக்கம் நின்னு பாத்தா

இதோட முடிச்சா இது ஒரு பெருமை எபிசோட் ஆயிடும். ஆனா இன்னொரு பாதி இருக்கு.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பந்தயத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர்னு சொல்லல. திரும்புற எல்லைக்குப் பக்கத்துல நின்னேன். ஒரு வண்டி பின்தங்கிச்சு. கூட ஓடினவர் மாட்டோட வாலை முறுக்கினார். தார்க்குச்சியால குத்தினார். மாட்டு வாயிலேருந்து நுரை தார் ரோட்டுல கோடு போட்டுட்டே போச்சு. பக்கத்துல நின்ன பசங்க விசில் அடிச்சாங்க. நான் வீடியோ எடுத்துட்டிருந்தேன். கையை இறக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து தாத்தாகிட்ட அந்த வீடியோவைக் காட்டினேன். அவருக்கு அப்போ கண்ணு சரியா தெரியாது. மொபைலை மூக்குக்கிட்ட வச்சுப் பாத்தார். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டார்: "இந்த மாடு நாளைக்கு என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது தாத்தா. அடுத்த பந்தயம் வரைக்கும் கட்டிப்போட்டுத் தீனி போடுவாங்க."

"அதான். எங்களுக்கு நாளைக்கும் பாரம் இழுக்கணும்லா. இன்னைக்கு அடிச்சு ஓட்டிட்டா நாளைக்குச் சோறு யாரு போடுவா?"

இந்த ஒரு வரியிலதான் எனக்கு மொத்த வரலாறும் திறந்துச்சு. வேலை இருந்த காலத்துல மாட்டுக்காரர் எல்லாரும் நல்லவங்களா இருந்தாங்கன்னு நான் சொல்ல வரல. தார்க்குச்சி அப்பவும் இருந்துச்சு, பாரம் ஏத்தி முதுகு உடைச்சவங்களும் இருந்தாங்க. ஆனா நாளைய பாரம்ங்கறது ஒரு எல்லை. மாடு நொண்டினா அடுப்பு எரியாது. அந்தப் பயம் கையைப் பிடிச்சு நிறுத்தும். வேலை போனதும் அந்த எல்லை போயிடுச்சு. மீதி இருக்கிறது பரிசு, ஊர் பேரு, யூடியூப் வியூஸ். இது மூணுக்கும் மாட்டோட நாளையைப் பத்திக் கவலை இல்ல.

கால்கரியிலயும் இதேதான். 2019-ல மட்டும் அந்தக் கூண்டு வண்டிப் பந்தயத்துல 6 குதிரைங்க செத்துச்சு. பாரம்பரியம்னு ஒரு கூட்டம், கொடுமைன்னு ஒரு கூட்டம். ரெண்டு பக்கமும் சொல்றது முழுப் பொய் இல்ல.

அப்போ நிறுத்திடலாமா? இங்கதான் எங்க கடற்கரையோட இன்னொரு கதையைச் சொல்லணும். எங்க ஊருக்கு முத்துநகர்னு பேரு. சென்னைக்கு வர்ற ரயில் பேரு முத்துநகர் எக்ஸ்பிரஸ். ஆனா இங்க கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. அதுக்கப்புறம் குளிக்கற அளவுக்குச் சிப்பி சேரல. பரதவர் மக்கள் தலைமுறை தலைமுறையா சேர்த்து வச்ச அறிவு அது. எந்தப் பாரை, எந்த மாசம், எத்தனை நேரம் மூச்சைப் பிடிக்கணும், கல்லைக் கட்டிக்கிட்டு எப்படி இறங்கணும். அதுல கொஞ்சம் சங்கு குளிக்கிறவங்ககிட்ட மிஞ்சியிருக்கு. மீதி? ரயில் பேர்ல இருக்கு. முத்துக்குளிப்பு விளையாட்டா மாறல. வேலை போனதும் அறிவும் கூடவே போச்சு.

மாட்டு அறிவு போகாததுக்குக் காரணம் பந்தயம். நடக்கறதை வச்சு மாட்டைக் கணிக்கிறது, சுழி பாக்கறது, லாடம் அடிக்கிறது, ரெண்டு மாட்டையும் குணம் பாத்து ஜோடி சேர்க்கிறது, மூக்கணாங்கயிறை எவ்வளவு இழுக்கலாம்னு கை அறிஞ்சு வச்சிருக்கிறது. டிராக்டர் வந்தப்புறம் காளைக்கன்னு பிறந்தா நேரா அடிமாட்டுச் சந்தைதான்னு ஆகிப்போன ஊர்ல, அதை வளர்க்க ஒரு காரணம் மிச்சம் இருக்குன்னா அது இந்த ரோடுதான். காங்கேயம், புலிகுளம் மாதிரி நாட்டு மாட்டு இனங்களைப் பத்தி மேடையில பேசுறவங்களைவிட, காலையில அஞ்சு மணிக்கு மாட்டைக் குளத்துல நீச்சல் அடிக்க விடுற ஒரு இருபது வயசுப் பையன் அதிகம் காப்பாத்துறான்.

அதனால எனக்கு இப்போ இருக்கிற நிலைப்பாடு இதுதான். வேலை வச்சிருந்த எல்லை போயிடுச்சுன்னா அந்த இடத்துல விதி வரணும். ஜல்லிக்கட்டுக்கு 2017-க்குப் பிறகு மாட்டைக் கால்நடை மருத்துவர் சோதிக்கணும், பார்வையாளருக்குத் தடுப்பு வேணும்னு விதிகள் வந்துச்சு. வண்டிக்கும் அது வெளிப்படையா வேணும். எத்தனை மைல், எந்த நேரத்துல, தார் ரோடா மண் ரோடா, பின்னாடி எத்தனை பைக், குச்சியில ஆணி இருக்கா, ஓடி முடிச்ச மாட்டை யாரு பாக்குறா? இப்போ பல ஊர்ல நடக்கிறது, அனுமதிக்கு போலீஸ் ஸ்டேஷனுக்கு அலையறது, கிடைக்கலேன்னா மதுரைக் கிளையில மனு போடறது. 2006-ல ராமநாதபுரத்துக்காரர் நின்ன அதே வாசல்.

விதின்னா பந்தயக்காரங்க முகம் சுளிப்பாங்க, எனக்குத் தெரியும். ஆனா எனக்குத் தெரிஞ்ச பழைய வண்டிக்காரங்க யாரும் அதை எதிர்க்க மாட்டாங்க. அவங்க அந்த விதியோடதான் வாழ்ந்தாங்க. எழுதி வைக்கல, அவ்வளவுதான்.

தாத்தா போன வருஷம் தவறிட்டார். கடையாணி இப்போ என் மேசை மேல, மானிட்டருக்குக் கீழ இருக்கு. ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல கேமரா சாய்ஞ்சா அது தெரியும். டீம்ல யாராவது என்னதுன்னு கேட்பாங்க. வண்டிச் சக்கரம் அச்சிலேருந்து கழண்டு ஓடாம பிடிச்சு வைக்கிற ஆணின்னு சொல்வேன்.

இந்த மே மாசம் நான் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போறேன். தொடங்குற இடத்துல நிக்கப் போறதில்ல. எல்லாரும் பரிசு வாங்கப் போனப்புறம் மாட்டை அவிழ்க்கிற இடம் ஒண்ணு இருக்கு, வேலிக்கருவை நிழல்ல. அங்க போய் ஒவ்வொரு மாட்டுக்கும் எவ்வளவு நேரத்துல மூச்சு அடங்குதுன்னு உட்கார்ந்து பாக்கப் போறேன். யாராவது வர்றீங்கன்னா மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்து போவோம். குடை கொண்டு வாங்க, எங்க ஊர் மே வெயில் விளையாட்டு இல்ல.

அடுத்த எபிசோடுல பாக்கலாம்.